கடல் தாண்டும் பார்சல்: மாறும் சுங்க விதிகளுக்கு உங்கள் இணையக் கடையைத் தயார்செய்ய

2025 ஆகஸ்ட் கடைசி வாரம். கரூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினேழு பார்சல்கள் கட்டி, முகவரி ஒட்டி, அடுக்கியபடியே கிடந்தன. மேசை விரிப்பு, கைத்துண்டு, ஏப்ரன். எல்லாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியவை. அதுவரை 800 டாலருக்கு உட்பட்ட பார்சல் என்றால் அந்த நாட்டுச் சுங்கம் வரி கேட்காது. 2016 முதல் இருந்த அந்த வரம்புச் சலுகை சீனா, ஹாங்காங் பார்சல்களுக்கு மே 2 அன்று நின்றது; மற்ற எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29 அன்று நின்றது. வரியை யார் வசூலிப்பது, எந்த வழியில் கட்டுவது என்பதே தெளிவாகாத நிலையில், ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல்துறை அமெரிக்கச் சரக்குப் பார்சல்களை நிறுத்திவைத்தது. மீண்டும் எடுக்கத் தொடங்கியது அக்டோபர் 15 அன்று.

அந்த ஏழு வாரமும் நான் வரி விகிதத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தா, ஐம்பதா? உண்மையில் விகிதம் தெரிந்தால் போதும், மீதி ஒரு மாலைநேரக் கணக்கு. என்னைத் தடுத்தவை வேறு நான்கு கேள்விகள். என் பொருளைச் சுங்கம் எந்தப் பெயரில் பார்க்கிறது? அது எந்த நாட்டுப் பொருள்? அதன் மதிப்பு எவ்வளவு? வரியைக் கட்டப்போவது யார்? இந்த நான்குக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவர், எந்த நாடு எந்த நாளில் எதை மாற்றினாலும் தடுமாற மாட்டார். இந்த வழிகாட்டி அந்தப் பதில்களைத் திரட்டுவதைப் பற்றியது. வீட்டிலிருந்தோ சிறு பட்டறையிலிருந்தோ இணையத்தில் விற்று வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்று எண்ணுங்கள்

கடந்த பன்னிரண்டு மாத ஆர்டர்களை நாடுவாரியாகப் பிரியுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு அல்லது மூன்று நாடுகளிலேயே முக்கால்வாசி வியாபாரம் இருக்கும். அந்த நாடுகளின் விதிகளை மட்டும் ஆழமாகப் படித்தால் போதும். மற்றவற்றுக்கு ஆர்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாட்டின் போக்கும் வேறு. அமெரிக்காவில் சிறு பார்சல் சலுகையை நிறுத்தியது அதிபரின் ஆணை. அது போதாதென்று, 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 2027 ஜூலை 1 முதல் அந்தச் சலுகையைச் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடுகிறது. ஆகவே பழைய 800 டாலர் காலம் திரும்பும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலேயே 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை நீக்கிவிட்டது. மிச்சமிருந்தது 150 யூரோ வரையிலான சுங்கவரி விலக்கு. அதற்குப் பதிலாக, தற்காலிக ஏற்பாடாக 2026 ஜூலை 1 முதல் சிறு பார்சல்களில் உள்ள பொருளுக்கு 3 யூரோ வரி என்று 2025 டிசம்பரில் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு பார்சலுக்கு அல்ல. ஒரே பெட்டியில் இரண்டு வெவ்வேறு சுங்கக் குறியீட்டுப் பொருள்கள் இருந்தால் 6 யூரோ. துண்டும் ஏப்ரனும் விரிப்பும் கலந்து 'பரிசுப் பெட்டி' விற்பவர்கள் இதைப் படித்ததும் பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டேன்.

பிரிட்டனில் 135 பவுண்டு வரை சுங்கவரி இல்லை. ஆனால் 2021 முதல் அந்த வரம்புக்குள் மதிப்புக்கூட்டு வரியை விற்பவரே வசூலித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளருக்கு இதில் குறைந்தபட்ச விற்றுமுதல் விலக்கு கிடையாது. அந்த 135 பவுண்டு சலுகையும் 2029 மார்ச்சுக்குள் போகும் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2018 முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கும், சிங்கப்பூர் 2023 முதல் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்டவற்றுக்கும் விற்பவர் வழியாக ஜிஎஸ்டி வசூலிக்கின்றன. இவ்விரண்டிலும் பெரிய விற்றுமுதல் உள்ளவருக்குத்தான் பதிவு கட்டாயம். மலேசியா 2024 முதல் 500 ரிங்கிட் வரையிலான பொருள்களுக்கு 10% வாங்குகிறது.

பெரிய சந்தைத் தளங்கள் வழியாக விற்றால் இந்த வசூல் வேலையில் பெரும்பகுதியை அந்தத் தளமே செய்துவிடும். சொந்த இணையதளத்தில் விற்றால் பொறுப்பு உங்களுடையது. புதிதாகத் தொடங்குபவர் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் முதலில் சந்தைத் தளம் வழியாகவே விற்பது நல்லது என்பது என் எண்ணம். தளத்துக்குத் தரும் கமிஷன், ஐரோப்பாவில் இடைத்தரகர் ஒருவரை அமர்த்தி வரிப்பதிவு எடுக்கும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: பொருளுக்குச் சுங்கம் வைத்திருக்கும் பெயர்

இந்தப் படிக்கு ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

உலகச் சுங்க அமைப்பு நடத்தும் எச்எஸ் குறியீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. அந்த ஆறு இலக்கம் ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் பொது. அதன் பின்னால் இந்தியா இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்குகிறது, அமெரிக்கா பத்தாக்குகிறது. ஜிஎஸ்டி பில்லில் போடும் எண்ணையே எடுத்து வெளிநாட்டுக்கும் எழுதிவிடுகிறோம். முதல் ஆறு இலக்கம் சரியாக இருந்தால் அது ஓடும். பிரச்சினை என்னவென்றால், உள்நாட்டு பில்லில் பலர் குத்துமதிப்பாகப் போட்ட எண்ணைத்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்துவருகிறார்கள். நானும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் நெய்த பருத்தி மேசை விரிப்பு 6302.51. டர்க்கி டவல் போலப் பூ எழுப்பி நெய்த சமையலறைத் துண்டு 6302.60. அதே துண்டு சாதா நெசவென்றால் 6302.91. ஏப்ரனோ துணிப்பொருள் அத்தியாயத்திலேயே இல்லை. அது ஆடை, 62ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. நான்கும் ஒரே தறிக்காரரிடமிருந்து வந்த ஒரே நூல்தான். சுங்கத்துக்கு அவை நான்கு வெவ்வேறு பொருள்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னும் கூர்மையான உதாரணம் இருக்கிறது. பின்னலாடை டி-ஷர்ட் பருத்தி என்றால் 6109.10, அமெரிக்காவின் அடிப்படை வரி 16.5%. செயற்கை இழை என்றால் அதே டி-ஷர்ட்டுக்கு 32%. கலப்புத் துணியில் எடையில் எது மிகுதியோ அதுவே கணக்கு. அறுபதுக்கு நாற்பது என்று பருத்தி கூடிய துணியும், நாற்பதுக்கு அறுபது என்று பாலியஸ்டர் கூடிய துணியும் கையில் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரி ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது அடிப்படை வரி மட்டும். அவ்வப்போது அறிவிக்கப்படும் கூடுதல் வரிகள் இதன் தலைமேல் ஏறும்.

வேலை இதுதான். ஒரு விரிதாளைத் திறந்து, நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். என்ன பொருளால் ஆனது, எத்தனை சதவீதம், நெய்ததா பின்னியதா, எதற்குப் பயன்படுவது, எடை, ஆறு இலக்கக் குறியீடு. எண்ணைத் தேட அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் வரிப்பட்டியல் தளமும், பிரிட்டன் அரசின் வரிப்பட்டியல் தளமும் இலவசம். அமெரிக்கச் சுங்கம் முன்பு வழங்கிய வகைப்பாட்டு முடிவுகளும் பொதுத்தளத்தில் தேடக் கிடைக்கின்றன. உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். சந்தேகம் தீராத இரண்டு மூன்று பொருள்களுக்கு மட்டும் சுங்க முகவர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டாதீர்கள். உங்கள் பொருளை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

இந்தக் குறியீடுகளும் நிலையானவை அல்ல. 2022இல் திருத்திய பதிப்பு இப்போது நடப்பில் இருக்கிறது. அடுத்தது 2028 ஜனவரி 1 அன்று வருகிறது. 2022 திருத்தத்தில் ஓவியங்களுக்கான எண்ணையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: நூறாண்டுக்கு மேற்பட்டவை ஒன்று, மற்றவை இன்னொன்று. புதிதாக வரைந்த தஞ்சாவூர் ஓவியம் விற்பவர் பழைய எண்ணைப் போட்டால் கணினி ஏற்காது.

மூன்றாம் படி: அது எந்த நாட்டுப் பொருள்?

'சென்னையிலிருந்து அனுப்புகிறேன், ஆகவே இந்தியப் பொருள்' என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அனுப்பும் நாட்டுக்கும் உற்பத்தி நாட்டுக்கும் தொடர்பில்லை. சீனாவில் செய்த விளக்கை இறக்கி, புதுப் பெட்டியில் போட்டு அனுப்பினால் அது சீனப் பொருள்தான். சீனப் பொருளுக்கான வரிதான்.

துணியில் இது இன்னும் நுணுக்கமானது. அமெரிக்க விதிப்படி ஆடை என்றால், பொதுவாக, முழுவதும் தைத்து இணைத்த நாடு அதன் பிறப்பிடம். ஆனால் மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்குத் துணி எங்கே நெய்யப்பட்டது என்பதே பொதுவாகக் கணக்கு. வெளிநாட்டுத் துணியை வாங்கி இங்கே வெட்டி ஓரம் அடித்தால் அது இந்தியப் பொருளாகிவிடாது. ஈரோட்டுச் சந்தையில் துணி எடுப்பவர்கள், அது எங்கே நெய்தது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாடுவாரியாக வரி வேறுபடும் காலத்தில் இந்த ஒரு தாள் பெரும் பணம்.

நான்காம் படி: மதிப்பும் இன்வாய்ஸும்

'இலவச டெலிவரி' என்று விற்பவர்கள் இங்கே சற்று நில்லுங்கள். 48 டாலருக்கு ஒரு செட் விற்கிறீர்கள். அதில் கூரியருக்கு உண்மையில் கொடுப்பது 16 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸில் மொத்தமாக 48 என்று எழுதினால் வரி 48க்கு. பொருள் 32, சர்வதேச அனுப்புகைக் கட்டணம் 16 என்று பிரித்து எழுதினால், அமெரிக்காவில் வரி 32க்கு மட்டும். கணக்குக்காக 20% என்று எடுத்தால் 9.60 டாலருக்கும் 6.40 டாலருக்கும் உள்ள வித்தியாசம். கட்டணம் உண்மையானதாக இருக்க வேண்டும். கூரியர் பில் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் முறை வேறு: அங்கே அனுப்புகைச் செலவும் காப்பீடும் சேர்த்துத்தான் மதிப்பு.

பொருள் விவரத்தில் 'துணி', 'கைவினைப் பொருள்', 'சாம்பிள்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். ஒருமுறை நான் 'பருத்தித் துணி' என்று மட்டும் எழுதிய பார்சல் பதினொரு நாள் நின்றது. 'சமையலறைத் துண்டு, சாதா நெசவு, 100% பருத்தி, கைத்தறி, 4 எண்ணிக்கை, இந்தியாவில் நெய்தது' என்று ஆங்கிலத்தில் எழுதிய பிறகு அப்படி நின்றதில்லை. விமானம் ஏறும் முன்பே இந்த விவரமும் ஆறு இலக்கக் குறியீடும் மின்னணு முறையில் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிறது. இன்வாய்ஸை எழுதுவது கடைசி நிமிட வேலை அல்ல. விரிதாளிலிருந்து தானாக வந்து விழ வேண்டியது.

வாடிக்கையாளர் கேட்பார்: "அன்பளிப்பு என்று போட்டு, விலையைப் பத்து டாலர் ஆக்கிவிடுங்களேன்." மறுத்துவிடுங்கள். பணம் வாங்கி விற்றது அன்பளிப்பு ஆகாது. பிடிபட்டால் அபராதம், அதன்பின் உங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு பெட்டியும் திறக்கப்படும். நடுவழியில் தொலைந்தால் காப்பீட்டிலும் பத்து டாலர்தான் கிடைக்கும்.

ஐந்தாம் படி: வரியைக் கட்டப்போவது யார்?

இரண்டு வழி. பெறுபவர் வாசலில் கட்டுவது. அல்லது விற்பனையின்போதே நீங்கள் வசூலித்து முன்கூட்டிக் கட்டுவது. முதலாவது உங்களுக்கு எளிது. ஆனால் வாசலில் எதிர்பாராத தொகையைக் கேட்டால் மனிதர்கள் பார்சலைத் திருப்பிவிடுவார்கள். அப்போது போன செலவும் உங்களுடையது, திரும்பும் செலவும் உங்களுடையது. பல நேரம் பொருளை அங்கேயே அழித்துவிடச் சொல்வதுதான் மலிவு. இரண்டு மாதம் ஒரு நெசவாளர் குடும்பம் உழைத்த படுக்கை விரிப்புக்கு அப்படி ஒப்புதல் கையெழுத்துப் போட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே முன்கூட்டிக் கட்டும் முறைக்கு மாறுங்கள். அமெரிக்க அஞ்சல் பார்சல்களுக்கு இந்திய அஞ்சல்துறை மீண்டும் தொடங்கியபோது கொண்டுவந்ததும் இதே முறைதான்: வரியை இங்கே பதிவின்போதே வாங்கிவிடுவது. கூரியர் நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. ஆனால் வரிக்குமேல் ஒரு கையாளும் கட்டணம் போடும். சிறு பார்சலில் அந்தக் கட்டணம் வரியையே மிஞ்சிவிடலாம். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள்: அனுப்புகை எவ்வளவு, வரி முன்கட்டலுக்கு எவ்வளவு, பார்சல் திரும்பினால் எவ்வளவு?

பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் 'கைசேரும் விலை' கணக்கிடுங்கள்: பொருள் விலை, அனுப்புகை, அடிப்படை வரி, கூடுதல் வரி, கையாளும் கட்டணம், உள்ளூர் விற்பனை வரி இருந்தால் அது. விரிதாளில் விகிதத்துக்கு மட்டும் தனிக் கட்டம் வையுங்கள். 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 25% கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 அன்று அது 50% ஆனது. இருபது நாள் இடைவெளி. அந்த ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் எல்லா விலையும் மாற வேண்டும்.

அந்தக் கணக்கைப் பார்த்தபின் சில பொருள்களைக் கைவிட வேண்டிவரும். 12 டாலர் கைத்துண்டை ஒற்றையாக அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன். ஆறு சேர்ந்த கட்டாக மட்டும் விற்கிறேன்.

ஆறாம் படி: இங்குள்ள தாள்கள்

வெளிநாட்டு விதியைப் பற்றிப் பேசிக்கொண்டே இந்தியத் தாள்களை மறந்துவிடுகிறோம். தேவையானவை அதிகமில்லை. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் தரும் ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண். கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே எடுக்கலாம். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும், தவறினால் முடக்கப்படும். ஜிஎஸ்டி பதிவும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யுடி உறுதிமொழியும் வேண்டும். இந்த உறுதிமொழி நிதியாண்டுக்கு நிதியாண்டு புதிதாகப் போட வேண்டியது. ஏற்றுமதிப் பணம் வந்துசேரும் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏடி கோடை வங்கியிடம் வாங்கிச் சுங்கத் தளத்தில் பதியுங்கள்.

கூரியரில் வணிகப் பார்சல் என்றால் சிஎஸ்பி-5 என்ற ஷிப்பிங் பில்லில் போக வேண்டும். 'சாம்பிளாகவே அனுப்பிவிடலாம், தாள் குறைவு' என்று கூரியர் முகவர்கள் சிலர் சிஎஸ்பி-4இல் தள்ளிவிடுவார்கள். அது மாதிரிகளுக்கும் அன்பளிப்புகளுக்குமான வழி. அதில் போனால் ஏற்றுமதி என்று உங்கள் பெயரில் பதிவாகாது. ஜிஎஸ்டி திரும்பப் பெறுவதிலும், வங்கிக்குக் கணக்குக் காட்டுவதிலும் சிக்கிக்கொள்வீர்கள். பார்சல் திரும்பி வந்தால் அது நீங்கள் அனுப்பிய அதே சரக்கு என்று நிரூபிக்கவும் தாள் இருக்காது. அஞ்சல் வழி என்றால் அஞ்சலக ஏற்றுமதி மையங்களில் இணையம் வழியாகவே ஏற்றுமதிப் படிவத்தை நிரப்பலாம். சிறு ஊர்க்காரர்களுக்கு இது நல்ல வசதி.

ஏழாம் படி: வரியல்லாத தடைகள்

வரி கட்டத் தயாராக இருந்தும் பார்சல் நிற்கும் இடங்கள் உண்டு. 2024 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, அங்கே விற்கும் நுகர்பொருளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் பெயரும் முகவரியும் பொருளுடன் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் துணியில் இழை விவரம், தயாரிப்பு நாடு, பொறுப்பான நிறுவனம் ஆகியவற்றைச் சொல்லும் லேபிள் கட்டாயம். குழந்தைகள் ஆடை, பொம்மை அனுப்புபவர்கள் பரிசோதனைச் சான்றிதழ் விவரத்தை 2026 ஜூலை 8 முதல் மின்னணு முறையில் அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பருப்புப் பொடி, ஊறுகாய் விற்பவர்களுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்திடம் முன்னறிவிப்புத் தனியாக உண்டு. அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

எட்டாம் படி: தேதியைப் படிக்கும் விதம்

சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி மேலே சொன்ன தேதிகளைக் குறியுங்கள். கூடவே மார்ச் கடைசி வாரத்தில் எல்யுடி, ஏப்ரலில் ஐஇசி. மாதம் ஒரு நாள், அரை மணி நேரம், உங்கள் முதல் இரண்டு மூன்று நாடுகளின் சுங்கத் தளத்தையும் உங்கள் கூரியரின் அறிவிப்புப் பக்கத்தையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி விலையை மாற்றாதீர்கள்.

அறிவிப்பு வந்தால் முதலில் தேட வேண்டியது விகிதம் அல்ல, எந்த நேரத்திலிருந்து, எதை வைத்து என்பது. அனுப்பிய நாளா, அங்கே சுங்கத்தில் தாக்கலாகும் நாளா? 2025 ஆகஸ்ட் 29 விதி தாக்கலாகும் நேரத்தைத்தான் பார்த்தது. கரூரைவிட்டு 20ஆம் தேதியே கிளம்பிய பெட்டியும் 30ஆம் தேதி தாக்கலானால் வரிக்கு உட்பட்டது. 50% அறிவிப்பிலோ, ஆகஸ்ட் 27க்கு முன்பே கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17க்கு முன் தாக்கலான சரக்குக்கு விலக்குத் தந்திருந்தார்கள். அறிவிப்புக்கு அறிவிப்பு இப்படி வேறுபடும். ஆகவே அமலாகும் தேதிக்கு முந்தைய பதினைந்து நாளில் வரும் ஆர்டர்களைப் புதிய விலையிலேயே எடுங்கள். பார்சல் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டால், மிச்சத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்புங்கள். நான் கடந்த முறை அப்படி மூன்று பேருக்குத் திருப்பினேன். மூவரும் மறுபடி ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.